தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்

நரம்பறிவியலில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் எடுக்கவிருக்கும் மாணவ மாணவியருக்கு,



கடைசி ஆண்டு தொடங்கிய சில வாரங்களில் துறைத் தலைவர் அறைக்கு வெளியே பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்படும். எந்த பேட்சுக்கு எந்த கைடு என்று அதில் இருக்கும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங், பயோடெக்னாலஜி, உளவியல், விலங்கியல் என்று எந்தத் துறையானாலும் சரி, தன் தலைப்பில் மூளை என்ற சொல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் நாலைந்து பேர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. இந்த மடல் அவர்களுக்குத்தான். பட்டியல் ஒட்டிய அன்று மாலையே சீனியர் ஒருவர் வழி சொல்லியிருப்பார்: "பிரெயின் ட்யூமர் எடுத்துக்கோ, கோட் என்கிட்ட இருக்கு, ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும்." பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏதோ ஒரு மாடிப்படியில் ப்ராஜெக்ட் சென்டரின் பலகையும் கண்ணில் பட்டிருக்கும். அங்கே பணம் கட்டினால் கோட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் தருவார்கள். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்பதுவரை எழுதித் தருவார்கள்.

அந்தப் படி ஏற வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து இதுவரை உங்களிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விடை யாரோ ஒருவரிடம் ஏற்கெனவே இருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, ஆசிரியரின் குறிப்பேட்டில் இருந்தது. விடை எவரிடமும் இல்லாத ஒரு கேள்வியோடு சில மாதங்கள் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு இந்த ஓராண்டில்தான் வருகிறது. பலருக்கு இதற்குப் பிறகு வேலை, வீடு என்று வாழ்க்கை போய்விடும். இன்னொரு முறை அது வருவதே இல்லை.

1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவருக்கு வயது 21. ருடால்ஃப் ஃபிர்கோவின் நோயியல் நிறுவனத்தில் மனிதத் தோலின் மெல்லிய சீவல்களைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பிழைகளைக் கறுப்பாக எடுத்துக்காட்டும் அந்தச் சாய முறை யூலியுஸ் கோன்ஹைமிடமிருந்து வந்தது. மேல்தோலில், கைகால்களை நீட்டிய நட்சத்திரம்போலச் சில செல்கள் கறுத்துத் தெரிந்தன. நரம்பைக் காட்டும் சாயத்தை அவை வாங்கிக்கொண்டன, நரம்பு செல்லைப் போலவே கிளைவிட்டும் இருந்தன. ஆகவே இவை நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்று எழுதினார். அது தவறு. அவை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செல்கள் என்பது தெளிவாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் இன்றுவரை அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்றே பெயர். எந்த அடுக்கில், எந்த வடிவில், எந்தச் சாயத்தில் பார்த்தார் என்பதைப் பார்த்தபடியே வரைந்து வைத்திருந்தார். விளக்கம் சரிந்தபோதும் வரைபடம் நின்றது. அடுத்த ஆண்டு கணையத்தைப் பற்றிய தன் பட்ட ஆய்வேட்டில் சிறு சிறு செல் திட்டுகளை விவரித்துவிட்டு, இவற்றின் வேலை என்ன என்று தனக்குத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். இன்சுலின் சுரப்பது அந்தத் திட்டுகளில்தான்.

தெரியவில்லை என்ற சொல்லை இறுதியாண்டு ரிப்போர்ட் எதிலாவது பார்த்திருக்கிறீர்களா? ஸ்பைரல் பைண்டிங் போட்ட அந்த நூறு பக்கங்களில் எல்லாம் தெரிந்தே இருக்கிறது. முடிவுரையில் எல்லாம் வெற்றி.

சிக்மண்ட் ஃப்ராய்டும் மாணவராக இருந்தபோது விலாங்கு மீனை அறுத்தவர்தான். 1876இல், 20 வயதில், வியன்னாவிலிருந்து ட்ரியெஸ்ட் கடற்கரைக்கு அனுப்பப்பட்டு, ஆண் விலாங்கின் விதைப்பை எங்கே இருக்கிறது என்று தேடி ஏறக்குறைய 400 மீன்களை அறுத்துப் பார்த்தார். உறுதியான விடை கிடைக்கவில்லை. அதையே எழுதிக் கொடுத்தார். அதன்பின் பேராசிரியர் ப்ரூக்கேயின் ஆய்வகத்தில் லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனின் தண்டுவட செல்களைப் பார்க்கத் தொடங்கினார்.

இனி அந்த ட்யூமர் ப்ராஜெக்டுக்கு வருவோம். அதை எடுக்கவே கூடாது என்று இந்த மடல் சொல்லவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு படத்தொகுப்பைத்தான் பெரும்பாலும் எல்லோரும் எடுக்கிறார்கள். சீனாவின் குவாங்சோ, தியான்ஜின் நகர மருத்துவமனைகளில் 2005 முதல் 2010 வரை எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படங்கள் அவை. மொத்தம் 3,064 படங்கள். மெனிஞ்சியோமா 708, கிளையோமா 1,426, பிட்யூட்டரி கட்டி 930. இவற்றில் 80 சதவீதத்தைக் கணினிக்குப் பாடமாகக் கொடுத்து, மிச்சம் 20 சதவீதத்தில் தேர்வு வைத்தால் 98 சதவீத மதிப்பெண் வருகிறது. கைடு மகிழ்கிறார், எக்ஸ்டர்னல் தலையாட்டுகிறார்.

ஆனால் அந்த 3,064 படங்களும் 233 நோயாளிகளுடையவை. ஒருவரின் தலையிலிருந்து சராசரியாக 13 படங்கள், வெங்காயத்தைச் சீவியதுபோல் அடுத்தடுத்த சீவல்கள். படங்களைக் கலைத்துப் போட்டுப் பிரித்தால், ஒரே நோயாளியின் பத்துச் சீவல்கள் பாடத்திலும் மூன்று சீவல்கள் தேர்விலும் போய் உட்காரும். 13 படங்கள் உள்ள ஒரு நோயாளியின் ஒரு படம் தேர்வில் வந்திருந்தால், அவருடைய மற்ற 12 படங்களில் ஒன்றுகூடப் பாடத்தில் இல்லாமலிருக்கும் வாய்ப்பு, 0.2 என்ற எண்ணைப் 12 முறை பெருக்கினால் வருவது. அது 20 கோடியில் ஒன்றுக்கும் குறைவு. மாதிரித் தேர்வில் வந்த கணக்கே எண்ணை மட்டும் சற்று மாற்றி முழுஆண்டுத் தேர்வில் வந்தால் எல்லோரும் நூறு வாங்குவார்கள். கணினி கட்டியைக் கற்றதா, அந்த மனிதரின் மண்டையோட்டு வடிவத்தைக் கற்றதா என்று அந்த 98ஐ வைத்துச் சொல்லவே முடியாது. புதிதாக வரும் 234ஆவது நோயாளிக்கு அது என்ன சொல்லும் என்பதுதானே மருத்துவமனைக்கு வேண்டிய விடை?

இதில் மனதை உறுத்தும் விஷயம், தொகுப்பைத் தந்தவர்கள் ஒவ்வொரு படத்தோடும் நோயாளியின் குறியீட்டு எண்ணையும் சேர்த்தே தந்திருக்கிறார்கள் என்பது. படங்களை ஐந்து பங்காகப் பிரிக்கும் முறையும் கோப்பாகவே கூட வருகிறது. அவற்றைத் திறந்து பார்க்காமல்தான் பலரும் படங்களைக் கலைக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தத் தொகுப்பில் ஆரோக்கியமான மூளை ஒன்றுகூட இல்லை. எல்லாப் படத்திலும் கட்டி இருக்கிறது. அதை வைத்துச் செய்த ப்ராஜெக்டுக்கு ட்யூமர் டிடெக்‌ஷன் என்று தலைப்பு வைத்தால் தலைப்பே பொய். மூன்று வகைக் கட்டிகளைப் பிரித்தறிவது வேறு, கட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்வது வேறு.

ஆகவே அதே தொகுப்பை எடுங்கள். சீனியரின் கோட் ஃபைலையும் எடுங்கள். முதலில் படங்களைக் கலைத்துப் பிரித்து ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு ஒரு நோயாளியின் எல்லாப் படங்களும் ஒரே பக்கம் இருக்கும்படி பிரித்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்த வகைக் கட்டியில் அதிகம் இறங்குகிறது, ஏன் என்று பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டின் எண் சீனியரின் எண்ணைவிடக் குறைவாக வந்தால் அச்சப்பட வேண்டாம். எதனால் குறைந்தது என்பதை வைவாவில் ஐந்து நிமிடம் விளக்கத் தெரிந்தவர், அந்த அறையில் மற்ற எவரையும்விட அந்தப் படங்களை நன்றாக அறிந்தவராக இருப்பார்.

எல்லாவற்றையும் கணினியிலேயே செய்ய மனமில்லாதவர்கள் மனிதர்களை உட்காரவைத்து அளக்க ஆசைப்படுவார்கள். அங்கே முதலில் இடறுவது எண்ணிக்கையில். வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருக்கும் 15 பேர், விடுதியில் இன்னொரு 15 பேர், முடிந்தது சாம்பிள். இரண்டு குழுக்களுக்கு நடுவே நடுத்தர அளவு வித்தியாசம், புள்ளியியலில் அரை திட்டவிலக்கம் என்று சொல்வார்களே அது, உண்மையிலேயே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு 15 பேரை வைத்துத் தேடினால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். வழக்கமாகக் கேட்கப்படும் 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் தேவை. அதே ஆட்களை இரண்டு நிலைகளிலும் அளந்து ஒப்பிடும்படி சோதனையை அமைத்தால், அதே அளவு வித்தியாசத்துக்கு 34 பேர் போதும். இதையெல்லாம் கணக்கிடும் ஜி-பவர் என்ற மென்பொருள் இலவசம். அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். ஆட்களைத் தேடி அலைவதற்கு முன்னால் அந்த அரை மணியைச் செலவிடுங்கள்.

மாணவர்கள் மட்டும் செய்யும் தவறல்ல இது. 2013இல் கேத்ரின் பட்டனும் சக ஆய்வாளர்களும் நரம்பறிவியல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உண்மையான விளைவு ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் இடைநிலையாக 21 சதவீதம் அளவிலேயே இருந்தது தெரிந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள், பெரிய நிதி, அப்படியும் இந்த நிலை. ஆற்றல் குறைந்த சோதனையில் தப்பித்தவறி ஒன்று பிடிபட்டாலும் அது உண்மை அளவைவிடப் பெருத்துத்தான் தெரியும். பட்டனும் கூட்டாளிகளும் குறையைச் சொன்னதோடு நிற்கவில்லை. பிரிட்டனில் பாத், பிரிஸ்டல், கார்டிஃப், எக்ஸிடர் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் இளநிலை உளவியல் மாணவர்களை ஒன்று சேர்த்தார்கள். நான்கு ஊரிலும் ஒரே கேள்வி, ஒரே செய்முறை. என்ன செய்யப்போகிறோம், எப்படி அலசப்போகிறோம் என்பதைத் தரவு சேகரிப்பதற்கு முன்பே பதிவுசெய்துவிட வேண்டும். பிறகு அவரவர் ஊரில் அளந்து, தரவை ஒன்றாகக் கொட்டி, ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் ஆய்வேட்டை எழுதினார்கள்.

இதைத் தமிழ்நாட்டில் செய்யப் பெரிய ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். திருச்சியில் ஒரு கல்லூரி, கோவையில் ஒன்று, நெல்லையில் ஒன்று என்று மூன்று பேட்சுகள் ஒரே செய்முறைத் தாளை வைத்துக்கொண்டு ஆளுக்கு 25 பேரை அளந்தால் 75 பேர் சேர்ந்துவிடுகிறார்கள். பள்ளித் தோழர்கள் மாநிலம் முழுக்கக் கல்லூரிகளில் சிதறியிருக்கும் வயது உங்களுடையது. அந்த வாட்ஸாப் குழுவுக்கு இப்படி ஒரு பயனும் இருக்கட்டும்.

அடுத்து, மூளையின் மின் அலையைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. மூளை என்றதும் பலருக்கு ஆசை அதன்மேல்தான். யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924 ஜூலை 6 அன்று மனித மூளையின் மின் அலையை முதல்முறையாகப் பதிவுசெய்தார். அது உண்மையில் மூளையிலிருந்துதான் வருகிறதா, இதயத்திலிருந்தா, கருவியின் கோளாறா என்று தானே தன்னைச் சந்தேகித்துச் சந்தேகித்து ஐந்து ஆண்டுகள் கழித்து 1929இல்தான் வெளியிட்டார். தன் மகன் கிளாவுஸின் தலையிலும் பலமுறை மின்முனை வைத்துப் பார்த்தார். வெளியிட்ட பிறகும் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதையே செய்து காட்டிய பின்புதான் உலகம் ஒப்புக்கொண்டது.

பெர்கருக்கு இருந்த சந்தேகம் உங்களுக்கும் வேண்டும், ஏனென்றால் அளக்கப்போவது அவ்வளவு சின்னது. சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை 30,000 பங்கு வைத்தால் வரும் ஒரு பங்கு, 50 மைக்ரோவோல்ட். தலையோட்டின் மேல் கிடைப்பது அந்த அளவுதான். அறையில் ஓடும் மின்விசிறி, டியூப்லைட், பக்கத்தில் செருகியிருக்கும் போன் சார்ஜர் எல்லாம் 50 ஹெர்ட்ஸில் அதன்மேல் ஏறி உட்காரும். கண் சிமிட்டினால் ஒரு மலை எழும்பும். பல்லைக் கடித்தால் திரை முழுக்க முள்.

பிறகு நம் ஊர்த் தலைமுடி. வெளிநாட்டுக் கையேடுகள் தலையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வரவும் என்று ஒரு வரியில் முடித்துவிடும். இங்கே காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னி, மல்லிகைச் சரமும் வைத்துக்கொண்டு வருபவரின் பின்மண்டையில் மின்முனை எப்படி ஒட்டும்? எண்ணெய்ப் படலம் மின்சாரத்தைத் தடுக்கும். ஜெல்லை எவ்வளவு அப்பினாலும் மின்தடை இறங்காது. முந்தின நாளே போன் செய்து, தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல், முடி நன்றாகக் காய்ந்த பிறகு வரச் சொல்லுங்கள். ஹேர்பின், தோடு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்தவுடன் சீப்பின் நுனியால் சிறு சிறு வகிடு எடுத்துத் தோல் தெரிந்த இடத்தில் முனையை வையுங்கள். பெண்களின் தலையைத் தொட்டுச் செய்யும் வேலை இது, பேட்சில் ஒரு மாணவியாவது இருந்தால் வருபவர்கள் கூச்சமில்லாமல் உட்காருவார்கள். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு யாரையும் அழைக்காதீர்கள். கண் சொருகத் தொடங்கியதும் அலையின் வடிவமே மாறிவிடும்.

எந்தக் கேள்வியைத் தொடுவதற்கும் முன்னால், பெர்கர் கண்டதை நீங்களும் ஒரு முறை காணுங்கள். கண்ணை மூடச் சொன்னால் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை எழ வேண்டும், கண்ணைத் திறந்ததும் அடங்க வேண்டும். நேர்த்தியாகப் பொருத்திய எளிய கருவியிலும் பெரும்பாலானவர்களிடம் இது தெரியும். வந்தவர் ஒருவரிடமும் இது தெரியவில்லை என்றால் மேலே போகாதீர்கள், உங்கள் கருவியில் எங்கோ கோளாறு. இதைச் சோதிக்காமலேயே மன அழுத்தத்தை அளந்தோம், தியானத்தை அளந்தோம் என்று முடிவெழுதும் ரிப்போர்ட்டுகள் எத்தனையோ.

14 முனைகள், 5 அலைவரிசைகள் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டால் 70 ஒப்பீடுகள். நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பில், எதுவுமே இல்லாத இடத்திலும் தற்செயலாக மூன்று நான்கு தேறி நிற்கும். கிரேக் பென்னட்டும் சகாக்களும் 2009இல் இதை உலகத்துக்குக் காட்டினார்கள். கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர் என்ன உணர்கிறார் என்று முறைப்படி கேட்டு, மூளைச் செயல்பாட்டை அளக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பல்லாயிரம் ஒப்பீடுகளுக்கான திருத்தத்தைச் செய்யாமல் அலசியபோது அந்த மீனின் மூளையிலும் செயல்பாட்டுப் புள்ளிகள் தெரிந்தன. திருத்தியதும் மறைந்தன. எந்த முனையில், எந்த அலைவரிசையில் தேடப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கருவியே இல்லாத கல்லூரிகள்தான் அதிகம். அங்கே படிப்பவர்கள் மனம் தளர ஒன்றுமில்லை. வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே இரு கண்களின் பார்வை சேர்ந்து ஆழம் எப்படித் தெரிகிறது என்ற கேள்வியில் இறங்கினார். சகாக்களோடு அவர் எழுதிய கட்டுரை 1973இல் 'நேச்சர்' இதழில் வந்தது. இரண்டு கண்களுக்கும் வெவ்வேறு படத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்பதுதான் அந்தத் துறையின் அடிப்படைக் கருவி. பின்னாளில், கை இழந்தவர்களின் மாய வலிக்கு அவர் அறிமுகப்படுத்திய பெட்டியிலும் இருந்தது ஒரு சாதாரணக் கண்ணாடிதான்.

மடிக்கணினி ஒன்று போதும் என்ற கேள்விகளில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்லலாம். ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனை எல்லோருக்கும் தெரியும். பச்சை என்ற சொல்லைச் சிவப்பு நிறத்தில் எழுதிக் காட்டி, நிறத்தைச் சொல்லச் சொன்னால் வாய் தடுமாறும், நேரம் கூடும். படிப்பது தன்னிச்சையாக நடந்து குறுக்கே வருவதால் இப்படி. தமிழ்நாட்டு வகுப்பறையில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவரும் எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கிலவழியில் படித்தவரும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். வீட்டில் இருவரும் பேசுவது தமிழ்தான். இவர்களில் யாருக்கு எந்த மொழியின் சொல் அதிகம் குறுக்கே வருகிறது? பேச்சு மொழி தமிழாகவும் படிப்பு மொழி ஆங்கிலமாகவும் இருக்கும் ஒரு மூளையில் எந்தச் சொல் முதலில் முந்துகிறது? பிற நாட்டு இருமொழியாளர்களிடம் கிடைத்த விடையை இங்கே அப்படியே ஒட்டிவிட முடியாது. நம்மிடம் எழுத்துருவே வேறு, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரமும் வேறு.

அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சிவப்பு, மஞ்சள் நான்கு எழுத்து. பச்சை, நீலம் மூன்று. ஆங்கிலச் சொற்களின் நீளம் வேறு கணக்கு. சில மென்பொருளில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும். சொல்லைப் படமாக்கிப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ப்ளூடூத் விசைப்பலகை வேண்டாம், கம்பியுள்ளதே நேரத்தை ஓரளவு நம்பிக்கையாகத் தரும். எல்லோரையும் ஒரே மடிக்கணினியில் உட்காரவையுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் வகுப்பில் இருக்கலாம். தொடங்கும் முன்பே அதற்கான இஷிஹாரா அட்டையைக் காட்டிப் பார்த்துவிடுங்கள், யாரையும் கூச்சப்பட வைக்காமல்.

மனிதர்களையே தொடாமல் ஆராய வேண்டுமா? 2024 அக்டோபரில் பழ ஈ ஒன்றின் முழு மூளையின் இணைப்பு வரைபடம் வெளியானது. 1,39,255 நியூரான்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து, ஒரு நியூரானிலிருந்து அடுத்ததற்கு வழி தேடலாம். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலிருக்கும் மனித மூளையின் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. 5,132 சீவல்கள், செல் அளவுக்கு நெருங்கிப் பார்க்கும்படியாக, இலவசமாக. கிண்டியில் செய்த வேலையைத் தென்காசியில் உட்கார்ந்து அலச முடியும். பணம் தேவைப்படும் ப்ராஜெக்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்ட நிதி இருக்கிறது. மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆரின் இரண்டு மாத உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பத் தேதிகளை உங்கள் துறையில் யாராவது கவனித்துச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

கைடு கிடைக்காமல் தவிப்பவர்களும் உண்டு. உங்களுக்கு ஒதுக்கப்பட்டவர் தாவர உயிரித் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கியவராக இருக்கலாம். நியூரான் பற்றி அவர் கடைசியாகப் படித்தது பல ஆண்டுகளுக்கு முன்பு. அவரிடம் நரம்பறிவியலைக் கேட்டு ஏமாற வேண்டாம். கட்டுப்பாட்டுக் குழு எப்படி அமைப்பது, அளவீட்டுப் பிழையை எப்படிக் கணக்கிடுவது, நோட்டுப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று கேளுங்கள். செடியில் கற்றாலும் அது நன்றாகக் கற்ற பாடம். வாரம் ஒரு நாள், இருபது நிமிடம், ஒரு பக்கக் குறிப்போடு போய் நின்றால், வேலைப்பளுவில் மூழ்கியிருக்கும் ஆசிரியரும் பேனாவை எடுத்துவிடுவார்.

நோட்டுப் புத்தகம் என்றதும் 1939 கோடை நினைவுக்கு வருகிறது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு அப்போது 21 வயது, கேம்பிரிட்ஜ் மாணவர். பிளிமத் கடலாய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினோடு சேர்ந்துகொண்டார். கணவாய் மீனின் தடித்த நரம்பிழைக்குள் இருக்கும் திரவம் எவ்வளவு கெட்டி என்று அறிய, அதற்குள் பாதரசத் துளியை விட்டு அது விழும் வேகத்தை அளக்க முயன்றார்கள். துளி விழவே இல்லை. உள்ளே இருந்தது திரவமல்ல, கூழ்போன்ற ஒன்று. முதல் கேள்வி அதோடு முடிந்தது. இவ்வளவு தடித்த இழைக்குள் ஒரு மின்முனையையே செலுத்திவிடலாமே என்று தோன்றியது. செலுத்தினார்கள். நரம்புத் துடிப்பை உள்ளிருந்து அளந்தபோது, அதுவரை பாடநூல்கள் சொன்னபடி மின்னழுத்தம் சுழியத்தில் நிற்காமல் அதைத் தாண்டிப் போனது. ஏன் என்று தெரியவில்லை. சில வாரங்களில் போர் மூண்டது. அளந்ததை மட்டும் ஒரு சிறு குறிப்பாக 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிவிட்டு இருவரும் போர்ப் பணிக்குப் போனார்கள். விளக்கம் முழுமையாக வந்தது 1952இல். நோபல் 1963இல்.

உங்கள் பாதரசத் துளியும் விழாமல் போகலாம். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே வராமல் போகலாம். அப்போது எக்செல் தாளில் இரண்டு பேரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா என்று இரவு ஒரு மணிக்குத் தோன்றும். பேட்சில் ஒருவராவது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எத்தனை பேரை அளந்தீர்கள், யாரை எதற்காக விலக்கினீர்கள், வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பிக்கை இடைவெளி எவ்வளவு என்று எழுதினால், வித்தியாசம் இல்லை என்ற முடிவும் அடுத்த ஆண்டு அதே பெஞ்சில் உட்காருபவருக்கு உதவும்.

புற மதிப்பீட்டாளர்களாக வரும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ரிசல்ட் பாசிட்டிவ்வா என்ற கேள்வியோடு வைவாவைத் தொடங்காதீர்கள். எதைக் கண்டு ஆச்சரியப்பட்டாய் என்று கேளுங்கள். சொந்தமாகச் செய்த மாணவி அதற்குப் பத்து நிமிடம் பேசுவாள். வாங்கிவந்தவருக்கு அந்தக் கேள்விக்கு எழுதிக் கொடுத்த பதில் இருக்காது.

கடைசியாக, சோதனைக்கு வந்து உட்காருபவர்களைப் பற்றி. பெரும்பாலும் அது உங்கள் ஜூனியராக இருப்பார். சீனியர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள், இப்படி மேல்கீழ் உறவில் இருப்பவர்களைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுபவர்களாகவே கருதுகின்றன. நடுவில் எழுந்து போகலாம் என்பதைப் படிவத்தில் அச்சடித்தால் மட்டும் போதாது, வாயாலும் சொல்லுங்கள். அவருடைய அலையில் விசித்திரமாக ஏதாவது தெரிந்தால், உனக்கு வலிப்பு இருக்கும்போல என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சரியாக ஒட்டாத ஒரு மின்முனையாக இருக்கும். கைடிடம் காட்டுங்கள், தேவையானால் அவர் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கேட்கட்டும். பெயர்களைத் தரவுத் தாளில் எழுத வேண்டாம், எண் போதும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் கைடின் பீரோவில் பூட்டி இருக்கட்டும்.

உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஆண்டுக்குச் சில முறைதான் கூடும். அடுத்து கூடும் தேதி என்ன, எத்தனை நாள் முன்னால் விண்ணப்பம் தர வேண்டும் என்று நாளைக் காலையே அலுவலகத்தில் கேளுங்கள். குழுவே இல்லாத கல்லூரி என்றால் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் குழுவிடம் விண்ணப்பிக்க வழி உண்டா என்று கைடை விசாரிக்கச் சொல்லுங்கள். அனுமதி வரும்வரை இருக்கும் நாட்களில் சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலப் படிவத்தை வரிக்கு வரி மாற்றாமல், என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், ஜெல் தலையில் ஒட்டியிருக்கும், கழுவத் தண்ணீரும் துண்டும் தருவோம் என்று சொந்தமாக எழுதுங்கள். எழுதியதை வீட்டில் அறிவியல் படிக்காத பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியில் நிறுத்தி, "இது என்ன கண்ணு?" என்று கேட்கிறாரோ அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.